வெள்ளை விழுந்த உமி

எழுதத் துணிந்தமைக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கைகளைத் தவிர வேறெதனையும் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்திற் கற்ற கட்டுரைப் பயிற்சி ஒன்றை நம்பியே இதனைத் தொடங்குகிறேன். குறை கண்டால் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இதிற் சொல்லப்படும் வீட்டாரிடம் முறைப்படி அனுமதி கேட்டபோது, சிவனேஸ்வரி அக்கா, "எழுதிறதெண்டால் எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ," என்றார். அவருடைய அந்தச் சொல்லைக் காப்பாற்ற முயன்றிருக்கிறேன்.

நெடுங்கேணிச் சந்தியிலிருந்து கிழக்கே திரும்பும், சரளைக்கல் பரவிய கிறவல் பாதையில் மூன்று மைல்கட்டை தூரம் சென்றால், காடு சற்றே விலகி வழிவிடும் இடத்தில் அந்த ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி கிடக்கிறது. கீழ்ப்பாதி மணல் கலந்த செம்மண். மேற்பாதி கிறவற்கல். மழை விழுந்தால் நீர் நில்லாமல் ஓடிவிடும். வெயில் எறித்தால் குத்திய அலவாங்குக் கம்பி துள்ளி எழும். சிவனேஸ்வரியின் தகப்பனார் காடு வெட்டி எடுத்த காணி அது. அவர் காலமான பின்னர் பத்திரம் சிவனேஸ்வரியின் பெயரிலும் தமையன் சுதாகரனின் பெயரிலும் சேர்த்து எழுதப்பட்டது. இருவரும் கையெழுத்து வைத்தாலன்றி அங்கே ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது.

சுதாகரனுக்குக் குளத்தின் கீழே நல்ல வயல் இருந்தது. மேட்டுக்காணியில் அவருக்கு வேண்டியது பயிரன்று, கல். வீதி வேலைக்குக் கிறவல் தேடித் திரிந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் மேற்பாதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார். ஆனி மாதத்து வெயிலில் அண்ணனும் தங்கையும் வேலியோரத்தில் நின்று அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். கதைத்தார்கள் என்பதைவிட எறிந்துகொண்டார்கள் என்பது பொருந்தும்.

"ரெண்டு வரியம் விட்டுப் பாத்திட்டன் பிள்ளை. போன வரியம் கச்சான் கடலை போட்டாய். என்ன வந்தது? ஆட்டுக்குக்கூடக் காணாது."

"போன வரியம் மழை பிழைச்சது."

"மழை எனக்கும் அதே மழைதானே. என்ரை வயல் விளைஞ்சது."

"உங்களுக்குக் குளம் கிடக்கு. அப்பா உங்களுக்குக் குளத்தடியைத் தந்தவர், எனக்குக் கல்லைத் தந்தவர்."

"அப்ப கல்லைக் கல்லாக் குடுப்பம் எண்டுதானே சொல்லுறன்."

சிவனேஸ்வரி குனிந்து ஒரு கிறவற்கல்லை எடுத்து அண்ணனின் காலடியில் போட்டாள். "உந்தக் கல்லைக் கொண்டு போங்கோ. மிச்சத்தை இந்த மாரிக்குப் பேந்து பாப்பம்."

சுதாகரன் கல்லைப் பார்க்கவில்லை. "சரி. நான் நியாயமான மனிசன். மேற்பாதியிலை சோளன் போடு. மார்கழியிலை வந்து பாப்பன். பொத்தி தள்ளி நிண்டால் நான் செத்தாலும் வாய் திறக்கன். தள்ளாட்டி நீ கையெழுத்து வைக்கிறாய். ஊரறியச் சொல்லு."

"ஊரறியச் சொல்லுறன். வைப்பன்."

அவ்வாறுதான் அந்த நிலத்தின் தலைவிதி ஒரு சோளக்கதிரின் பொத்தியிற் கட்டப்பட்டது.

அவளுடைய துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. உரத்துக்குத் தட்டுப்பாடு வந்த வருடத்துக்குப் பின்னர், விவசாயப் போதனாசிரியரான பிரேமிளா மாதர் சங்கப் பெண்களுக்கு உமியைக் கரியாக்கி மண்ணில் இடும் முறையைச் செய்து காட்டியிருந்தார். இருபது பெண்கள் பார்த்தார்கள். பத்தொன்பது பேர் தேநீர் குடித்துவிட்டு வீடு சென்றார்கள். சிவனேஸ்வரி மாத்திரம் நின்று கேள்வி கேட்டாள்.

"இதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள் கிடக்கு அக்கா," என்று பிரேமிளா ஒரு பிடி கரியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "உங்கடை மண்ணிலை தண்ணியும் நிக்காது, எருவும் நிக்காது. இது பிடிச்சு வைக்கும். ஆனா ரெண்டு விசயம். வெறுங்கரியைப் போட்டியளெண்டால் மண்ணிலை இருக்கிற சத்தையும் அதுதான் உறிஞ்சும். மாட்டெருவிலையும் மூத்திரத்திலையும் ரெண்டு கிழமை ஊறப்போடவேணும். மற்றது, கறுத்த உடனை தண்ணி ஊத்தி அணைக்கவேணும். வெள்ளை விழ விட்டால் கரி போச்சுது. பேந்து அது வெறுஞ்சாம்பல்."

ஆடி பிறந்ததும் வேலை தொடங்கியது. அரிசி ஆலையின் பின்புறத்தில் குவிந்து கிடந்த உமியை உரப்பைகளில் அடைத்து, சைக்கிளில் இரண்டிரண்டாகக் கட்டி உருட்டி வந்தாள். ஓட்டை போட்ட தகரக் குழாயை நிலத்தில் நிறுத்தி, அதனுள்ளே சிரட்டையும் சுள்ளியும் போட்டு மூட்டி, சுற்றிவர உமியை நெஞ்சளவு உயரத்துக்குக் குவித்தாள். தீ வெளியே தெரியாது. உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். குவியலின் மேற்புறத்திற் கறுத்த புள்ளிகள் தோன்றியதும் மண்வெட்டியால் அடிமேலாகப் புரட்ட வேண்டும். முழுவதும் கறுத்த கணத்தில், ஒரு நிமிடமும் பிந்தாமல், பரப்பித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு குவியலுக்கு முப்பது வாளி. கிணறு கீழ்ப்பாதியின் எல்லையில் இருந்தபடியால் எருவில் ஊறவைத்த கரியை இட்டுக் கீழ்ப்பாதியையே முதலில் முடித்தாள். மேற்பாதியில் அலவாங்கு பிடித்து, கல் பெயர்த்து, கரி இடுவதற்காக ஆயிரத்து எண்ணூறு குழிகள் தோண்டினாள். கைகள் இரண்டும் பழுத்து, பின்னர் காய்த்துப் போயின. மத்தியானத்தில் மரவள்ளிக்கிழங்கும் இடிச்ச சம்பலும் குழியோரத்தில் இருந்தே சாப்பிட்டாள். சம்பலிலும் கரி இருந்தது.

உமிப்புகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விறகுப் புகையைப் போல மேலே எழும்பிப் போகாது. நிலத்தோடு ஊர்ந்து போய் எங்கே துணி காய்கிறதோ அங்கே குடியேறும். தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று அதனை நேரே பக்கத்து வளவுக்கு, சுதாஜினியின் கொடிக்கயிற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுதாஜினி வேலியில் வந்து நின்றாள்.

"அக்கா, என்ரை பிள்ளைக்கு முட்டு. ராவெல்லாம் இழுக்குது. கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்."

"உன்ரை பிள்ளைக்கு முட்டு வந்தது போன வரியம். நான் உமி எரிக்கிறது இந்த வரியம்."

"வந்ததைக் கூட்டுறியள் எண்டுதானே சொல்லுறன்."

"முட்டுக்காரப் பிள்ளையைப் பெத்தது என்ரை உமியே?"

சொல்லி முடிந்தபோதே அது தகாத சொல் என்று சிவனேஸ்வரிக்குத் தெரிந்தது. திருப்பி எடுக்க அவளுக்குப் பழக்கமில்லை. சுதாஜினி கொடியிலிருந்த துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்குள்ளே நிலைமை இதனிலும் மோசம். சிவனேஸ்வரியும் கணவன் யோகலிங்கமும் ஒருவரோடொருவர் நேரே கதைத்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் ஊரறிந்தது. வீட்டு வளவில் கிணறு வெட்டுவதற்கு மாமனார் காட்டிய இடத்தை விட்டுவிட்டு, யோகலிங்கம் தாமே நூல் பிடித்துப் பார்த்து வேறோர் இடத்தில் வெட்டினார். பதினெட்டு முழத்திற் பாறை வந்தது. அந்த வருடம் பிள்ளையார் கோயிற் பொங்கலன்று, பானைகள் பொங்கிக்கொண்டிருக்க, ஊரே சுற்றி நிற்க, சிவனேஸ்வரி உரத்த குரலில், "எங்கடை வீட்டுப் பாறையருக்கும் ஒரு பிடி போடுங்கோ," என்றாள். சிரிப்பு அடங்கியது, பெயர் அடங்கவில்லை. அன்று தொடக்கம் ஊர் அவரைப் பாறையர் என்றே அழைத்தது. அன்று தொடக்கம் கணவனும் மனைவியும் சொல்லவேண்டியவற்றை வீட்டு நாய் ஜிம்மியிடமே சொல்லிவந்தார்கள்.

"ஜிம்மி, பாத்தியே," என்று யோகலிங்கம் கதிரையில் இருந்தபடி சொல்வார். "ஊர் முழுக்க ஒரு வரியத்துக்குப் பல்லுத் தீட்டலாம். இவ்வளவு உமிக்கரி."

"ஜிம்மி," என்பாள் சிவனேஸ்வரி குசினி அடுப்படியிலிருந்து. "பல்லுத் தீட்டினால் கொப்பளிக்கத் தண்ணி வேணும். பாறையிலை தண்ணி வருமோ எண்டு கேள்."

இடையில் இருந்த நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும்.

ஆயினும் யோகலிங்கத்துக்கு அவ்வூரில் ஒரு மரியாதை எஞ்சியிருந்தது. அது திருநீறு. வருடந்தோறும் சிவராத்திரிக்குப் பிள்ளையார் கோயிலுக்குத் திருநீறு சுட்டுக் கொடுப்பவர் அவரே. சாண உருண்டைகளை உமிக்குள்ளே புதைத்து மூட்டி, மூன்று நாள் காவலிருந்து, பூவைப் போல வெளுத்த பின்னரே வெளியே எடுப்பார். வேறெவர் சுட்டாலும் ஓரத்திற் கறுப்பு நிற்கும். "கறுப்பு நிண்டால் அது நெருப்பின்ரை பிழையில்லை, சுட்டவன்ரை பொறுமையின்ரை பிழை," என்பது அவருடைய சொல். மூட்டிய உமியில் ஒரு துளி தண்ணீர் படுவதற்கும் விடமாட்டார். சிவனுக்குரிய நெருப்பைத் தண்ணீரால் அணைப்பது பாவம் என்பது அவர் தகப்பனாரிடமிருந்து பெற்ற எண்ணம். மனைவி நாளுக்கு ஒருமுறை கறுத்த குவியலின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைக் காணும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை அவள் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

புரட்டாதி நடுப்பகுதியில் மேற்பாதிக்கான கடைசி உமி வந்தது. இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறைய. ஆலையில் எஞ்சியதைச் செங்கற்சூளைக்காரர் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த அறுவடை வரைக்கும் அந்தப் பக்கத்தில் இனி உமி இல்லை. சிவனேஸ்வரி எட்டுக் குவியல்களை வரிசையாக நிறுத்தினாள். மூன்றை மூட்டிவிட்டு நான்காவதற்குச் சிரட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து மருமகன். மகள் கௌசலாவுக்கு மூன்று கிழமை முந்தியே வலி கண்டுவிட்டது.

அவள் முகம் கழுவி, சேலை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். யோகலிங்கம் கதிரையில் இருந்தார். அவள் நாயைப் பார்த்தாள்.

"ஜிம்மி, நான் வவுனியாவுக்குப் போறன். உமி மூட்டிக் கிடக்கு. கறுத்த உடனை தண்ணி ஊத்தி அணைக்கச் சொல்லு. மிச்சத்தையும் அப்பிடியே."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரமும் இருந்தது. பஸ் வர இன்னும் கால் மணித்தியாலம் கிடந்தது. ஆனால் அந்த மனிதருக்கு விளக்கம் சொல்வது என்பது ஒரு படி இறங்குவதாக அவளுக்குப் பட்டது.

வவுனியா ஆசுபத்திரியில் ஏழு நாட்கள் கழிந்தன. பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சிவனேஸ்வரி வாங்குப் பலகையில் இருந்தபடியே நித்திரை கொண்டாள். நான்காம் நாள் கௌசலா தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கதைத்து முடித்துவிட்டுத் தாயிடம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா சொல்லுறார், உமியைப் பற்றி யோசிக்கவேண்டாமாம். தான் வடிவாப் பாக்கிறாராம்."

"வாயைப் பார்."

"ஏனம்மா, மனிசன் நல்லாத்தானே சொல்லுறார்?"

"கொப்பர் வடிவாப் பாத்த வேலை வளவுக்குள்ளை பதினெட்டு முழத்திலை கிடக்கு. போய் எட்டிப் பார்."

கௌசலா சிரிக்கவில்லை.  ஆனாலும் சிவனேஸ்வரி அன்றிரவு நன்றாக உறங்கினாள் என்று பின்னர் அவளே சொன்னாள்.

எட்டாம் நாள் புளியங்குளம் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியபோது மத்தியானம். வானம் வடகிழக்கில் இருண்டு கிடந்தது. முற்றத்தில் யோகலிங்கம் எழுந்து நின்றார். கையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பை இருந்தது. அதனை அவளிடம் நீட்டினார்.

"இஞ்சேரப்பா," என்றார். "குடிச்சிட்டுப் போய்க் காணியைப் பார்."

ஒன்பது வருடங்களுக்குப் பின்னர் நாயிடமன்றி அவளிடமே சொல்லப்பட்ட முதற்சொற்கள் அவை. அவள் கோப்பையை வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். பின்பு காணிக்கு நடந்தாள். அவர் நாலடி பின்னே வந்தார்.

மேற்பாதி முழுவதும், கோலத்துக்குப் புள்ளி இட்டாற்போல, ஆயிரத்து எண்ணூறு வெண்புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியும் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றின் மேற்பரப்பும் கையால் தட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தது. குவியல்கள் இருந்த எட்டு இடங்களும் சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்தன.

"நீ அவசரப்பட்டுத் தண்ணி ஊத்திறனி," என்று யோகலிங்கம் பின்னாலிருந்து சொன்னார். அவர் குரலில் ஒரு வெட்கம் கலந்த பெருமை இருந்தது. "பாதி வேக்காட்டிலை எடுத்துத்தான் கறுப்பாக் கிடக்குது. நான் மூண்டு நாள் காவலிருந்தனான். ஒரு கறுப்பும் இல்லை, கிண்டிப் பார். மூண்டு நாளாச் சுமந்து ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு பேணி அளந்து போட்டனான். நடுமுதுகு முறியுது. ஆனா நீ வாறதுக்குள்ளை முடிக்கவேணும் எண்டு..."

அவள் குனிந்து ஒரு குழிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை.

"கறுத்த உடனை அணைக்கச் சொன்னனான்."

"சொன்னனிதான். ஆனா உமி எண்டால்..."

"கறுத்த உடனை."

"சாம்பல் நல்லதுதானே? கத்தரிக்குப் போடுறதில்லையே?"

அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த சாம்பலைச் சேலையில் துடைக்காமல் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"அந்தக் கிணத்தைப் பாறை எண்டு விட்டிட்டம். அதை நீங்கள் தனிய வெட்டினனீங்கள், தனிய விழுந்தனீங்கள். இது என்ரை அப்பா காடு வெட்டின காணி. இது என்ரை அப்பாவின்ரை சாம்பல் மாதிரிக் கிடக்குது. இதுக்குள்ளை உங்களை ஆர் கையை வைக்கச் சொன்னது? உங்களுக்கு ஒரு வேலையும் தெரியாது. தெரியாதவன் தெரியாத மாதிரிக் கதிரையிலை இருக்கவேணும்."

அந்த நேரத்தில் முதலாவது துளி விழுந்தது. பின்னர் மழை ஒரே வீச்சாக வந்தது. அவள் ஓடிப்போய் மண்வெட்டியும் ஓலைக் கடகமும் எடுத்துவந்து குழிகளிலிருந்து சாம்பலை வழிக்கத் தொடங்கினாள். சற்று நின்று பார்த்த யோகலிங்கமும் அடுத்த வரிசையிற் குந்தி இரு கைகளாலும் அள்ளினார். முந்நூறு குழிகளைக் கூட முடித்திருக்கமாட்டார்கள். மற்றவற்றிற் சாம்பல் நனைந்து, களியாகி, கிறவல் இடுக்குகளுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் பிரேமிளா மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். ஒரு குழியை விரலாற் கிண்டி, ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவையும் ஒரு குழிக்குள்ளை போட்டால் முளைக்குருத்தைச் சுட்டுப் போடும் அக்கா. ரெண்டு மூண்டு மழை கழுவட்டும். கார்த்திகை பிந்திப் போடுங்கோவன்."

"கார்த்திகை பிந்திப் போட்டால் மார்கழியிலை பொத்தி வருமே மிஸ்?"

பிரேமிளா விரலைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அண்ணனோடு பேசிய தவணை அவருக்கும் தெரியும்.

சோளன் போட்டாயிற்று. கீழ்ப்பாதியில், கரி ஊறிய மண்ணில், பயிர் கரும்பச்சையாக எழுந்தது; மழை விட்டு ஆறு நாட்களின் பின்னரும் அந்த மண் ஈரமாயிருந்தது. மேற்பாதியில் முளைத்தவை நாலு விரல் உயரத்தில் மஞ்சளித்தன. நுனி கருகின. வழித்தெடுத்த குழிகளிலே மாத்திரம் முழங்கால் உயரத்துக்குச் சில நின்றன. அவற்றையும் ஒருநாள் விடியற்புறம் காட்டிலிருந்து இறங்கிய யானை மிதித்துவிட்டுக் கீழ்ப்பாதியின் ஓரத்தோடு போயிற்று.

யோகலிங்கம் மறுபடி நாயிடம் பேசவில்லை. எவரிடமும் பேசவில்லை. விடியக் காணிக்குப் போய் மஞ்சளித்த நாற்றுகளின் அடியில் எரு வைத்துவிட்டு வருவார். சிவனேஸ்வரி அதைக் கண்டாள். கண்டும், ஒரு நாளாவது தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை.

மார்கழி பத்தாந் திகதி, திருவெம்பாவை தொடங்கிய மறுநாள், சுதாகரன் வந்தார். கூடவே கோயில் தர்மகர்த்தா சபையின் இரண்டு பேர், சாட்சிக்கு. கீழ்ப்பாதியில் ஆளுயரத்துக்கு நின்ற சோளனை ஊடறுத்து மேற்பாதிக்கு ஏறினார்கள். பொத்தி தள்ளியிருந்த பயிர்களைத் தாண்டும்போது சுதாகரனின் நடை ஒரு கணம் தயங்கியது. மேலே போய் நின்று சுற்றிப் பார்த்தார்.

"கீழை நல்லாத்தான் வந்திருக்கு," என்றார். "ஆனா எங்கடை கதை மேற்பாதி."

"ஓம்," என்றாள் சிவனேஸ்வரி.

"ஏன் இஞ்சை வரேல்லை? கீழை போட்டதைத்தானே இஞ்சையும் போட்டனி?"

அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு வருடம் கிடைத்திருக்கக்கூடும். சுதாகரன் முரட்டு மனிதர், ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். பரீட்சை சரியாக நடக்கவில்லை என்றால் மறுபரீட்சைக்கு உடன்படக்கூடியவர். ஆயினும் அதைச் சொன்னால் ஊர் யோகலிங்கத்துக்கு இன்னொரு பெயர் வைக்கும். அவள் ஏன் பேசாமல் நின்றாள் என்பது அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

யோகலிங்கந்தான் முன்னே வந்தார்.

"மச்சான், பிழை என்ரை. இவ வவுனியாவிலை நிக்கேக்கை நான்தான் உமியைச் சாம்பலாக்கிக் குழியெல்லாம் போட்டனான். இவ கரிதான் போடச் சொன்னவ. இன்னொரு மாரி குடுங்கோ."

சுதாகரன் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். பின்பு சிரித்தார். சாட்சிக்கு வந்தவர்களும் சிரித்தார்கள்.

"நீர்? இவளுக்கு? உமி சுட்டு, சுமந்து, ஆயிரத்து எண்ணூறு குழிக்குப் போட்டனீர்?"

"போட்டனான் மச்சான்."

"ஒன்பது வரியமா இவளுக்கு ஒரு செம்பு தண்ணி அள்ளிக் குடுக்காத மனிசன். நாய்க்குச் சொல்லிக் குடும்பம் நடத்திற மனிசன். ஊரிலை ஒரு குழந்தைப்பிள்ளையைக் கேளும், நம்புமோ எண்டு." அவர் தங்கையிடம் திரும்பினார். குரல் கடினமாயிற்று. "தோத்தால் தோத்தன் எண்டு சொல்லிறது. புருசனைக் கூட்டிவந்து பொய் சொல்ல வைக்கிறதே? இதுக்கெண்டு சேந்தியளாக்கும் ரெண்டு பேரும்?"

"பொய்யில்லை அண்ணை."

"அப்ப ஆரும் கண்டவையோ?"

சிவனேஸ்வரி வேலிக்கு அப்பாற் பார்த்தாள். கொடிக்கயிற்றடியில் சுதாஜினி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாட்களாக யோகலிங்கம் அந்த வேலியோரத்தாலேதான் கடகம் கடகமாகச் சாம்பல் சுமந்திருந்தார்.

"சுதாஜினி," என்று சிவனேஸ்வரி கூப்பிட்டாள். அவளுடைய வாழ்நாளில் வேலிக்கு அப்பால் ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டது அதுவே முதற்தடவை. "நீ கண்டனிதானே பிள்ளை? சொல்லன்."

சுதாஜினி பிள்ளையின் முதுகை மெதுவாகத் தடவினாள்.

"எனக்குப் புகையிலை கண் தெரியேல்லை அக்கா," என்றாள்.

"பிள்ளையார் அறியச் சொல்லுறன் மச்சான்," என்று யோகலிங்கம் மீண்டும் தொடங்கியபோது, சிவனேஸ்வரி அவருடைய கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"விடுங்கோப்பா," என்றாள். "எங்களை ஆர் நம்புவினம்?"

மறுநாள் காலையில் சுதாகரன் கொண்டுவந்த படிவத்தில் அவள் கையெழுத்து வைத்தாள். பேனை எழுத மறுத்தது. யோகலிங்கம் தன் சட்டைப்பையிலிருந்த பேனையைக் கொடுத்தார்.

அந்த ஒரு மாரியில் அவ்வீட்டார் இழந்தவற்றை, விசாரித்து அறிந்த அளவில், இங்கே பணிவுடன் எழுதி வைக்கிறேன். உமி, இரண்டு உழவு இயந்திரப் பெட்டி. குழிகள், ஆயிரத்து எண்ணூறு. சோள விதை, பதினொரு கிலோ. யானை மிதித்த பயிர், அறுபத்திரண்டு. மேற்பாதி நிலம், முக்கால் ஏக்கர். கிறவல் தோண்டப்பட்டு அது இன்று பதினாறு அடி ஆழம். அந்நிலத்தின் எல்லையில் நின்ற பாலை மரங்கள் மூன்று, முதிரை ஒன்று. பக்கத்து வளவோடு இருந்த பேச்சுவார்த்தை. கீழ்ப்பாதியின் கரி மண் அடுத்த மாரியின் வெள்ளத்தோடு கரை இடிந்து அந்தக் கிடங்குப் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியது. அது எவ்வளவு என்று இதுவரை எவரும் அளக்கவில்லை.